பாலம் தாண்டும் முன்

ராமேஸ்வரம் தீவில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பிள்ளைக்கு மேலுக்கு முடியாமல் போனால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, “எங்க கொண்டு போறது?” என்பதுதான். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் கடல், கடலுக்கு மேல் இரண்டேகால் கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பாலம். அந்தச் சாலைப் பாலம் 1988இல்தான் திறந்தது. அதுவரை தீவிலிருந்து நோயாளியைக் கரைசேர்க்க, 1914இல் கட்டிய ரயில் பாலத்தில் வண்டி வரும் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு. அறுபது வயதைத் தாண்டிய தீவுக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இப்போது நிலைமை அப்படியில்லை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2022 ஜனவரி 12 அன்று ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி, மாநிலத்தின் வேறு பத்துப் புதிய கல்லூரிகளோடு சேர்ந்து திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் மதுரைக்கே ஓடவேண்டியிருந்த பல பிள்ளைகளுக்கு இன்று ராமநாதபுரத்திலேயே வைத்தியம் நடக்கிறது. ஆனால் அந்த 55 கிலோமீட்டர் அப்படியேதான் இருக்கிறது. இரவில் நல்ல வண்டி, காலிச் சாலை என்றாலும் ஒரு மணி நேரம் ஆகும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முந்தின இரவு என்றால் எவ்வளவு ஆகும் என்று சொல்லவே முடியாது. கடலைப் பார்க்க வண்டியைப் பாலத்தின் மேலேயே நிறுத்திவிட்டு இறங்குகிறவர்கள் வேறு.

ஆகவே இந்தக் கரையில் குழந்தை வைத்திருப்பவர்கள் பழக வேண்டிய முதல் வேலை, கிளம்பும் நேரத்தைச் சரியாகக் கணிப்பது. சென்னையில் இரண்டு தெரு தள்ளி மருத்துவமனை இருக்கிறவர் இன்னும் அரைமணி பொறுத்துப் பார்க்கலாம். தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ இருக்கிறவருக்கு அந்த அரைமணியோடு வழித்தூரமும் சேர்ந்துகொள்ளும்.

தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். பத்து மாதப் பிள்ளை, இரண்டு நாளாகச் சளி, சாயங்காலத்திலிருந்து காய்ச்சல். வீட்டுக்காரர் கடலில். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும் என்றாலும், பிள்ளைகளுக்கு முடியாமல் வருவது அந்த மூன்று நாளாகப் பார்த்துத்தான் என்று அங்குள்ள பெண்கள் சொல்வார்கள். மாமியார் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “லேசாத்தான் சுடுது, விடியட்டும்” என்கிறார். தாய்க்கு மனசு கேட்கவில்லை. இருவரில் யார் சொல்வது சரி? நெற்றியை வைத்துச் சொல்ல முடியாது. சட்டையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

இதற்குச் செலவே இல்லை. பிள்ளை அழாமல் இருக்கும்போது, தூங்கினாலும் சரி, சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கும் குறுக்குவழி குழந்தைகளுக்கு ஒத்துவராது, அவர்கள் மூச்சு ஒரே சீராக ஓடாது. உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் கணக்கு இது: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. கிராம சுகாதார செவிலியர்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதும் இதையேதான். எண்ணும்போதே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு தடவையும் விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுகிறதா? மூக்குத் துவாரம் விரிகிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் கேட்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் காய்ச்சல் 99 டிகிரியா 103 டிகிரியா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

மூச்சுக்கு அடுத்தது முகமும் வாயும். பால் குடிக்கவோ தண்ணீர் விழுங்கவோ முடியாத பிள்ளை, உள்ளே போவதையெல்லாம் வாந்தியெடுக்கிற பிள்ளை, எழுப்பினாலும் கண் திறந்து பார்க்காமல் துவண்டு கிடக்கிற பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை. இந்த நால்வருக்கும் விடியும்வரை அவகாசம் கிடையாது. மூன்று மாதம் நிறையாத சிசுவுக்குத் தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி காட்டினால், வேறு ஒரு தொந்தரவும் தெரியாவிட்டாலும் அன்றிரவே மருத்துவர் பார்த்தாக வேண்டும். அந்த வயதில் பெரிய தொற்றுகூடச் சத்தமில்லாமல்தான் வரும். சிசுவின் உடம்பு ஜில்லிட்டுப் போனாலும் அதே அவசரம்தான்.

மற்றபடி, காய்ச்சல் இறங்கியதும் எழுந்து உட்கார்ந்து பொம்மை கேட்கிற, தண்ணீர் குடிக்கிற, ஒழுங்காகச் சிறுநீர் போகிற மூன்று வயதுப் பிள்ளையைக் காய்ச்சல் 102 என்பதற்காக மட்டும் அர்த்த ராத்திரியில் பாலம் தாண்டவைக்க வேண்டாம். அவ்வப்போது மூச்சைப் பார்த்துக்கொண்டு, விடிந்ததும் கூட்டிப்போகலாம்.

சீசாவைப் படிப்பது

கிளம்புமுன் காய்ச்சல் மருந்து கொடுப்பதில் தப்பில்லை, அளவில்தான் தப்பு நடக்கிறது. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி என்பது கணக்கு. பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். இதே மருந்து கடையில் மூன்று உருவத்தில் கிடைக்கிறது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அந்தப் பிள்ளைக்கு 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளது என்றால் 3 மில்லி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருப்பதால் ஒன்றரை மில்லி போதும். சொட்டு மருந்து சீசா சின்னதாக இருப்பதால் அதில் மருந்தும் லேசு என்று பலர் நினைக்கிறார்கள். சிரப்புக்குச் சொன்ன 6 மில்லியை அரை இருட்டில் சொட்டு மருந்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். சீசாவின் லேபிளை டார்ச் வெளிச்சத்தில் படித்துவிட்டே மூடியைத் திறக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு மருத்துவர் சொல்லாமல் இதையும் கொடுக்கக் கூடாது.

இருமல் சிரப் விஷயம் வேறு. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சிறு பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரியவந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி சிரப்புகளை எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று அந்த ஆண்டு அக்டோபரிலேயே மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. வீட்டு அலமாரியில் மூத்த பிள்ளைக்கு வாங்கி மிச்சமான சீசா இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். இன்னும் நல்லது, குப்பைக்குப் போகட்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கொடுக்கும்போதும் கண் வேண்டும். பொட்டலத்தின் மேல் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்டிருக்கும் பொடியை, அதில் சொன்ன அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுப் பொட்டலமாகக் கரைக்க வேண்டும். அட்டை டப்பாவில் பழ வாசனையோடு வந்த சர்க்கரைப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாதென்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது. உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தால் “சீர் தட்டியிருக்கு” என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மருத்துவர் அதையே உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்பார். பார்ப்பது இருவரும் ஒரே பள்ளத்தைத்தான். அதற்குத் தொக்கம் எடுக்கவும் உரம் எடுக்கவும் ஆள் தேடிப் போகிற ஒரு மணி நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு இன்னும் நாலு தடவை போயிருக்கும். திருநீறு பூசுவதும், பள்ளிவாசலில் ஓதி ஊதுவதும், சிலுவை போடுவதும் ஒரு நிமிட வேலை. வண்டி வருவதற்குள் செய்துவிடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

“பிள்ளைக்கு இழுக்குது”

108ஐ அழைத்தவர் பதற்றத்தில் இப்படிச் சொன்னால், மறுமுனையில் இருப்பவருக்கு இரண்டு அர்த்தம் தோன்றும். வலிப்புக்கும் இழுப்பு, மூச்சிரைப்புக்கும் இழுப்பு. வழியில் என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்லித்தரப்போவது இரண்டுக்கும் வேறுவேறு. “மயக்கமா இருக்கு” என்பதும் அப்படித்தான். சோர்ந்து தூங்குவதையும் அப்படிச் சொல்கிறோம், நினைவு தப்பியதையும் அப்படியே சொல்கிறோம். “கைகால் வெட்டுது, கண்ணு மேல சொருகிடுச்சு” என்றோ, “மூச்சு வேகமா வாங்குது, விலா உள்ள போகுது” என்றோ, “தட்டினாலும் முழிக்கல” என்றோ கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் வயது. அதற்கும் முன்னால் இடம். தெருப் பெயரைவிட சர்ச், குருசடி, ரேஷன் கடை, பள்ளிவாசல், பஸ் நிறுத்தம் என்று வண்டிக்காரர் கண்ணில் படும் அடையாளம் உதவும். ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் போய் நின்றுவிட வேண்டும். அழைத்த போனை யாரும் வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வேறு போன் இருக்கும்.

வலிப்பு வந்தால் பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மணி பார்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது, வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைப்பது எதுவும் வலிப்பை நிறுத்தியதில்லை. நின்றதெல்லாம் தானாக நின்றதுதான். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை காய்ச்சலோடு வருகிற வலிப்புகளில் பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். சாவி வந்த நேரமும் அதுவாக இருப்பதால் பேர் சாவிக்குப் போய்விட்டது. ஐந்து நிமிடம் தாண்டினால் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். முதல்முறை வந்த வலிப்பு அடங்கிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். நெஞ்சில் கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சித் தடவும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கற்பூரம் கைக்குழந்தைகளுக்கு நச்சு, அதுவே வலிப்பை வரவழைக்கும்.

கடற்கரைக் குடிசைகளிலும் பனங்காட்டு ஊர்களிலும் தரையில் பாய் விரித்துப் படுக்கிற பிள்ளை நடுச்சாமத்தில் வயிற்றுவலி என்று அழுது, விடியும்முன் இமையைத் தூக்க முடியாமல் கிடந்தால் கட்டுவிரியன் நினைவுக்கு வரவேண்டும். அது ராத்திரியில் வரும், கடித்தால் வலி தெரியாமலும் போகலாம், பல் பதிந்த தடம் கண்ணுக்குப் படாமலும் இருக்கலாம். நஞ்சுமுறிவு ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். மண்ணெண்ணெயைக் குடித்துவிட்ட பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, திரும்ப மேலே வரும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும்.

எந்த ஆஸ்பத்திரி

பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போய்விடலாம் என்ற எண்ணம் தீவில் வலுவானது. வலிப்பு நிற்காத பிள்ளையையும் மூச்சுத் திணறுகிற பிள்ளையையும் தங்கச்சிமடத்திலிருந்து பைக்கில் இருவருக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு ஓட்டுகிறார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பிள்ளையின் முகமே தெரியாது. இது தவறான கணக்கு. ஆக்சிஜன், நெபுலைசர், வலிப்பை நிறுத்தும் மருந்து, சர்க்கரை அளவு பார்ப்பது ஆகிய முதல் நாலு வேலைகளுக்குக் குழந்தை மருத்துவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இரவுப் பணியில் இருக்கும் மருத்துவரே தொடங்கிவிடுவார். ராமேஸ்வரம் அரசு மருத்துவமனை பக்கம் என்றால் முதலில் அங்கே. பிள்ளை நிலைப்பட்டதும் ஆம்புலன்ஸில் ஆக்சிஜனோடு பாலம் தாண்டலாம். தனுஷ்கோடியில் குடிசை போட்டுத் தொழில் செய்கிற குடும்பங்களுக்கு இந்தக் கணக்கே ராமேஸ்வரத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1964 டிசம்பர் புயலுக்கு முன் அந்த ஊரில் ரயில்வே மருத்துவமனை ஒன்று இருந்தது. இன்று அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது, மருத்துவமனை இல்லை.

ரெஃபர் செய்தால் கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தைக் கேள்வி கேட்கப் பயன்படுத்தலாம். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று சீட்டில் எழுதியிருக்கிறதா? போகிற இடத்துக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்றா? வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா? பச்சிளம் சிசு என்றால், அதற்கென்றே 108இல் தனி ஆம்புலன்ஸ் இருக்கிறது, கேட்கலாம். அது கிடைக்காத பட்சத்தில் சிசுவைத் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து, மேலே துணி போர்த்திக் கொண்டுபோக வேண்டும். காய்ச்சல் அடிக்கிற பெரிய பிள்ளைக்கு இது நேர்மாறு, கம்பளியில் சுற்றினால் சூடு ஏறத்தான் செய்யும்.

வாசலில் இன்னொரு சங்கடம் காத்திருக்கும். “நாங்கதான் முதல்ல வந்தோம், பின்னால வந்தவங்கள உள்ள விடுறாங்க” என்ற சண்டை. அவசரப் பிரிவில் வரிசை வந்த நேரத்தை வைத்து ஓடாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைத் திட்டத்தில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். உயிர் போகும் நிலையில் இருப்பவர் சிவப்பு, காத்திருக்க முடிந்தவர் பச்சை. இந்த முறைக்கு என்ன பலன் என்பதற்கு ஆப்பிரிக்காவில் நல்ல சாட்சி உண்டு. மலாவி நாட்டின் பிளான்டயர் நகரப் பொது மருத்துவமனையில், குழந்தைகளை வாசலிலேயே தரம் பிரித்து அவசரமானவர்களை முதலில் பார்க்கும்படி 2001இல் ஏற்பாட்டை மாற்றினார்கள். அதற்குமுன் அனுமதியான குழந்தைகளில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினெட்டுப் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். மாற்றத்துக்குப் பிறகு அது ஆறிலிருந்து எட்டாகக் குறைந்தது. பச்சைப் பட்டையோடு ஒரு மணி நேரம் உட்கார நேர்ந்தால் எரிச்சல் வரும்தான். ஆனால் அது ஒரு விதத்தில் நல்ல சேதி. உட்கார்ந்திருக்கும்போது பிள்ளையின் மூச்சோ முகமோ மாறினால் மட்டும் எழுந்து போய்ச் செவிலியரிடம் உரக்கச் சொல்ல வேண்டும், நிறம் மாறலாம்.

மருத்துவரிடம் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். வயது, எடை, எப்போது ஆரம்பித்தது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று ஐந்து வரி போதும். கொடுத்த சீசாவையே கையில் எடுத்துப்போவது நல்லது. நாட்டு மருந்து, உரை மருந்து கொடுத்திருந்தாலும் மறைக்க வேண்டாம். திட்டுவார்கள் என்று மறைத்ததால் வைத்தியம் திசைமாறிய பிள்ளைகள் உண்டு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: வீடு தீவில் இருக்கிறது என்பதை. ராமேஸ்வரம் தீவு நெடுங்காலமாக மலேரியா பதிவாகிவரும் இடம். வெளியூர் மருத்துவருக்கு அது உடனே தோன்றாமல் போகலாம். குளிரும் நடுக்கமுமாக விட்டுவிட்டு வருகிற காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று தயங்காமல் கேட்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். “காய்ச்சல் விட்டுருச்சு” என்று வீடே நிம்மதியாகத் தூங்குகிற இரவு அது. அன்றைக்குப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால், வாந்தி நிற்காவிட்டால், கைகால் ஜில்லென்று இருந்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் எட்டிப் பார்த்தால் தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் கிளம்ப வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மாத்திரையைத் தொடக் கூடாது.

பை ஒன்று தயாராக இருந்தால் நல்லது. தடுப்பூசி அட்டை, பழைய சீட்டுகள், காப்பீட்டு அட்டை, இரண்டு செட் துணி, பால் புட்டி வைத்திருப்பவர்கள் அது, போன் சார்ஜர், கொஞ்சம் சில்லறைப் பணம். வீட்டுக்காரர் கடலில் இருக்கும் இரவுகளில் கூட வருவது யார், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்று பக்கத்து வீட்டு மைனியிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

பையில் வைக்க முடியாதது ஒன்று பாக்கி. அவசரப் பிரிவில் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, “எடை எவ்வளவு?” மருந்தின் அளவு முழுக்க அந்த எண்ணை வைத்துத்தான். பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தெரியாது. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்க்கிறார்கள். அடுத்த முறை போகும்போது எண்ணைக் கேட்டு, தேதியோடு ஒரு தாளில் பெரிதாக எழுதி, பக்கத்தில் 108 என்றும் எழுதி, வாசல் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.